அழிதலும் அழித்தலும்: சிரி யுகியேயின் ஐனுப் பாடற்றொகுதி

தமிழிலக்கணம் வினைகளைத் தன்வினை, பிறவினை எனப் பகுத்துக் காட்டும். 'அழிந்தது' என்பதற்கும் 'அழித்தது' என்பதற்கும் எழுத்தளவில் உள்ள வேற்றுமை ஒரு மெய்யெழுத்தே. பொருளளவில் உள்ள வேற்றுமையோ பெரிது. முன்னையதில் அச்செயலுக்கு உரியவன் வேறொருவன் உளன் என்னும் குறிப்பே இல்லை. பின்னையது, அழித்தவன் யார் என்னும் வினாவையும் உடன்கொண்டே வருகின்றது. யப்பானிய மொழியிலும் இத்தகைய வினையிணைகள் உள. அம்மொழியில் 'ஹொரோபிரு' எனின் அழிதல். 'ஹொரோபொசு' எனின் அழித்தல். ஒரு மக்களினத்தின் வரலாறு இவ்விரண்டனுள் எவ்வினையால் எழுதப்படுகின்றது என்பது இலக்கணத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று.

1923 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் யப்பானில் 'ஐனு ஷின்யோஷூ' என்னும் சிறு நூல் ஒன்று வெளியாயிற்று. ஐனு மக்களின் தெய்வப் பாடல்களின் தொகுதி என்பது அப்பெயரின் பொருள். பதின்மூன்று பாடல்கள் அதன்கண் உள. இடப்பக்கத்தில் ஐனு மொழி மூலம் உரோம எழுத்தில் அமைய, வலப்பக்கத்தில் யப்பானிய மொழிபெயர்ப்பு அமைந்துள்ளது. தொகுத்து மொழிபெயர்த்த சிரி யுகியே என்னும் ஐனுப் பெண் அந்நூலை அச்சிற் காணவில்லை. 1922 செப்டெம்பர் 18 ஆம் நாள் தமது பத்தொன்பதாம் வயதிலே இதய நோயால் இறந்துபோனார். ஐனு இனத்தவர் ஒருவர் தம் வாய்மொழி இலக்கியத்தைத் தாமே எழுத்திலிட்டு வெளியிட்ட முதல் நூல் இதுவெனப் போற்றப்படும். இதனை, மறைந்தொழிந்த ஓர் இனத்தின் இரங்கற்பாவாகப் படித்துவிடுவதே நெடுங்காலம் வழக்கமாயிற்று. அவ்வாறு படித்தற்கு முன்னுரை இடந்தருகின்றது. பாடல்கள் இடந்தருகின்றனவா என்பதே ஆராயத்தக்கது.

மெயிஜி ஆட்சியின் யப்பானைக் கல்லூரி மாணவர் அறிவர். 1868 இல் ஆட்சி மாற்றம், தொடர்ந்து புகையிரதப் பாதை, கட்டாயக் கல்வி, 1889 இல் அரசியலமைப்பு, 1905 இல் உருசியப் பேரரசின் மீது வெற்றி என அக்கதை நிரல்படக் கூறப்படும். கீழைத்தேயத்துக் கற்றோர் பலர் அவ்வெற்றியைத் தமதெனவே கொண்டாடினர். அத்தேசம் மேலைத்தேயப் பேரரசுகளிடமிருந்து பொறிகளையும் சட்டங்களையும் கற்றவாறே அயல்நிலங்களைத் தன்னகப்படுத்தும் வித்தையையும் கற்றது என்பது அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. 1879 இல் இரியூக்யூ அரசு ஒக்கினாவா மாகாணமாயிற்று. 1895 இல் தாய்வானும் 1910 இல் கொரியாவும் சேர்க்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் முன்னர் அவ்வித்தை பயிலப்பட்ட இடம் வடக்கேயுள்ள பெருந்தீவாகும்.

எசோ என வழங்கிய அத்தீவுக்கு 1869 இல் ஹொக்கைடோ என்னும் பெயர் இடப்பட்டது. குடியேற்றத்தை நடத்துதற்குக் கைதகுஷி என்னும் ஆணையகமும் அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டது. 1871 இல் ஆலோசகராக அழைத்துவரப்பட்ட ஹொரேஸ் கப்ரன் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விவசாய ஆணையாளராக இருந்தவர். 1876 இல் சப்போரோ விவசாயக் கல்லூரியைத் தொடக்கிவைக்க மசசூசெற்சிலிருந்து வந்தவர் வில்லியம் கிளார்க். அமெரிக்காவின் மேற்குப் புறத்திலே செவ்விந்தியர் நிலம் எவ்வாறு குடியேறினோர் நிலமாயிற்றோ, அம்முறை பயின்ற நாட்டிலிருந்தே ஆசிரியர்கள் வந்தனர். இது தற்செயலன்று, வடக்கில் உருசியா நெருங்கிவர, ஆளில்லா நிலமென ஏட்டிற் கண்ட தீவைத் தன் குடிகளால் விரைந்து நிரப்பவேண்டிய தேவை தோக்கியோவுக்கு இருந்தது. ஆனால் அந்நிலம் ஆளில்லா நிலமன்று. ஆறுகளின் கரைதோறும் ஐனு ஊர்கள் இருந்தன.

அவ்வூர்களுக்கு நேர்ந்தவற்றைப் பிறவினையாற் சொல்லுதல் எளிது. ஏனெனில் செய்தவற்றையெல்லாம் அரசு தானே நாளிட்டுப் பதிந்து வைத்திருக்கின்றது. 1871 இல் ஆடவர் காதணி அணிதலும், இனிப் பிறக்கும் பெண்டிர் பச்சை குத்துதலும், இறந்தோர் வாழ்ந்த வீட்டை எரித்தலும் தடைசெய்யப்பட்டன. 1875 இல் உருசியாவுடன் செய்த உடன்படிக்கையால் சகாலின் தீவு கைமாற, அங்கு வாழ்ந்த ஐனு மக்கள் 800 க்கு மேற்பட்டோர் ஹொக்கைடோவுக்குக் கொண்டுவரப்பட்டு, அடுத்த ஆண்டு கடற்கரையினின்றும் பெயர்த்துச் சப்போரோவுக்கு அண்மையிலுள்ள சுயிஷிக்காரியில் இருத்தப்பட்டனர். 1886, 1887 ஆகிய ஆண்டுகளில் வாந்திபேதியும் பெரியம்மையும் அவர்களில் 300 க்கு மேற்பட்டோரை மாய்த்தன. 1876 இல் நச்சம்பு கொண்டு மான் வேட்டையாடுதல் விலக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து அரசே மானிறைச்சியைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையொன்றை நிறுவியது என்பதையும் இதனோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். 1879 இன் கடும்பனியில் எஞ்சிய மான்களும் பெருந்தொகையாக மடிந்தன. 1870 களின் பிற்பகுதி தொடக்கம், மீன்வளம் காத்தல் என்னும் காரணங் காட்டி, சல்மன் மீன் முட்டையிட ஏறிவரும் ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஐனு மக்களுக்கு மூடப்பட்டன. ஆற்றுவாயிலும் கடலிலும் பெருவலை கொண்டோர் பிடித்த மீனுக்குக் கணக்கில்லை.

நிலத்தின் கதை இன்னும் தெளிவானது. 1877 இல் ஐனு மக்கள் குடியிருந்த நிலங்கள் அரசுக்குரியன எனப் பதியப்பட்டன. 1897 ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற வருவோர் ஒருவருக்குப் பயிர்ச்செய்கைக்கென 15 இலட்சம் சுபோ வரை வழங்க இடமளித்தது. 'ஹொக்கைடோப் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம்' எனப்படும் 1899 ஆம் ஆண்டுச் சட்டமோ ஐனுக் குடும்பம் ஒன்றுக்கு 15,000 சுபோ வரை, அதாவது ஏறத்தாழ 12 ஏக்கர் வழங்கியது. பதினைந்து ஆண்டுகளுள் பண்படுத்தாவிடின் அதுவும் மீளப் பெறப்படும். நூற்றுக்கு ஒன்று என்பது இக்கணக்கின் விகிதம். நல்ல நிலங்கள் முன்னரே கைமாறிவிட்டமையால், கிடைத்த துண்டுகளிற் பல சதுப்பும் மேடுமாகவே இருந்தன. தீவின் குடித்தொகை 1869 இல் அறுபதினாயிரத்துக்கும் குறைவாக இருந்து 1901 அளவிற் பத்து இலட்சத்தை எட்டியது. ஐனு மக்கள் தொகை அக்காலமெங்கணும் பதினாறு, பதினேழு ஆயிரமாகவே நின்றது. அவர்கள் குறைந்துபோகவில்லை, அவர்களைச் சூழ்ந்தோர் பெருகினர். 'அழிந்துவரும் இனம்' என்னும் தொடர் இவ்வெண்களுக்கும் பொருந்துவதாயில்லை. எனினும் அரசாங்க அறிக்கைகளிலும் அறிஞர் நூல்களிலும் அத்தொடரே நிலைபெற்றது. வலியது வாழும், மெலியது மாயும் என்னும் அக்காலத்து மேலைத்தேயக் கொள்கை அதற்குத் துணையாயிற்று. அழிவு இயற்கையின் விதியாயின் அதற்கு எவரும் மறுமொழி சொல்ல வேண்டுவதில்லை அன்றோ.

சிரி யுகியே 1903 இல் நொபோரிபெட்சுவிற் பிறந்தார். இளமையிலேயே அசாகிகாவாவை அடுத்த சிக்காபுமி என்னும் ஐனு ஊரில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஊழியராக இருந்த பெரியதாய் கன்னாரி மட்சுவின் இல்லத்துக்கு அனுப்பப்பட்டு வளர்ந்தார். பாட்டியார் மொனாஷ்னௌக் நெடும்பாடல்களை நினைவிலிருந்து ஓதுவதில் வல்லவர். ஐனுப் பிள்ளைகளுக்கெனப் பிரித்தமைத்த பாடசாலையிற் பகலில் யப்பானிய மொழி. இரவில் பாட்டியாரின் பாடல். இருமொழியிலும் அவர் எய்திய தேர்ச்சி இவ்விரண்டு பள்ளிகளால் வந்ததாகும். சிக்காபுமி அமைதியான ஊருமன்று. 1900 ஆம் ஆண்டளவில் படைப்பிரிவொன்று அங்கு நிலைகொள்ள வந்தபோது ஐனு மக்களை அப்புறப்படுத்தும் முயற்சி நடந்தது. அவர்கள் தோக்கியோ வரை சென்று முறையிட்டு அதனைத் தடுத்தனர். அழிந்துபோவோர் எனப்பட்டவர்கள் மனுவெழுதவும் வாதாடவும் அறிந்திருந்தனர் என்பது இந்நூலைப் படிப்போர் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

1918 இல் மொழியியல் அறிஞர் கிண்டைச்சி கியோசுகே அவ்வில்லத்துக்கு வந்தார். பதினைந்து வயதுப் பெண்ணின் ஆற்றலை அவர் கண்டார். பின்னர் எழுதுதற்கு வெற்றேடுகளை அனுப்பினார். அவ்வேடுகளிலிருந்தே நூல் உருவாயிற்று. 1922 மே மாதம் யுகியே தோக்கியோ சென்று கிண்டைச்சியின் இல்லத்திலே தங்கிக் கையெழுத்துப் படியைச் செப்பஞ் செய்தார். நான்கு மாதங்களின் பின் அங்கேயே உயிர் நீத்தார். கிண்டைச்சியின் பங்கு குறைத்து மதிப்பிடற்குரியதன்று. ஆயினும் ஐனு இலக்கியத்தை மறையுமுன் சேமிக்கவேண்டிய தொல்பொருளாகவே அவர் நோக்கினார். சேமிப்பவன் அன்புடையவனாயினும், சேமிக்கப்படுவது இறக்கப்போகின்றது என்னும் முடிவு அவன் முயற்சியின் அடியிற் கிடக்கின்றது. அம்முடிவின் நிழல் நூலின் முன்னுரையிற் படிந்துள்ளது.

1922 மார்ச் முதலாம் நாளிட்ட அம்முன்னுரை யப்பானிய உரைநடையின் அழகுக்கு எடுத்துக்காட்டாகப் பலராற் பாராட்டப்பட்டது. முன்னொரு காலத்தில் ஹொக்கைடோ முன்னோரின் தன்னுரிமை உலகாய் இருந்தது என அது தொடங்கி, பனிக்காலத்துக் கரடி வேட்டை, கோடையிற் கடற்பறவைகள் உடன்வர மிதக்கும் சிறுதோணி, இலையுதிர்காலத்து ஆற்றங்கரைத் தீவெளிச்சம் என ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிச் செல்கின்றது. பின்னர், அக்கனவு கலைந்தது, நிலம் மாறிற்று, மலையும் வெளியும் ஊர்களாயின, ஊர்கள் நகரங்களாயின என்கின்றது. வினைகளை நோக்குக: மங்கிற்று, மாறிற்று, மறைந்தனர். காட்டை வெட்டியவர் எவருமில்லை. ஆற்றை மூடிய ஆணையில்லை. 1899 ஆம் ஆண்டுச் சட்டமில்லை. யாவும் தாமே நிகழ்ந்தன போலும். பொற்காலமும் அவ்வாறே பழுதற்றதாகத் தீட்டப்படுகின்றது. 1669 இல் சக்குஷாயின் தலைமையில் ஐனு மக்கள் மட்சுமாயே குறுநிலத்தாருடன் போர் செய்ததும், 1789 இல் குனாஷிரி மெனாஷிப் பகுதியிற் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்டதும், மீன்பிடி நிலையங்களிற் பட்ட கடுவேலையும் அவ்வினிய ஓவியத்தில் இல்லை. இவ்வளவில் முன்னுரை வென்றவனின் மொழியையே பேசுகின்றது என்று ஒருவர் குற்றங் கூறின், அதனை முற்றாக மறுத்தல் இயலாது.

ஆனால் அவ்விடத்தில் ஒரு சொல் நின்று தடுக்கின்றது. அழிந்துபோவோர் என்பதைத் தம்மவரின் இயல்பாக யுகியே கூறவில்லை. இன்று தம்மவர்க்குரிய பெயர் அது என்றும், அத்தகைய துயரப் பெயரைத் தாம் தாங்கியிருப்பதாகவும் கூறுகின்றார். பெயர் என்பது பெரும்பாலும் பிறர் இடுவது. 1878 இல் அரசு ஐனு மக்களை ஏடுகளிற் 'கியூடோஜின்' எனக் குறிக்கவேண்டுமென விதித்தது; முன்னைப் பழங்குடி என்பது அதன் பொருள். 'முன்னை' என்னும் அடையை உயிரோடிருக்கும் மக்கள்மேல் ஏற்றிய அச்சொல்லைப் பிறந்த நாள் தொட்டுச் சுமந்த ஒருவர் 'பெயர்' என்று எழுதும்போது அதனை அறியாது எழுதினார் எனக் கொள்ளுதற்கில்லை. பத்தொன்பது வயது நிரம்பாத பெண், பழங்குடியினர் பாடசாலையிற் பயின்றவர், தம்மை ஆள்வோரின் மொழியிலே அவர்கள் தலைநகரில் அச்சேறும் நூலுக்கு எழுதுகின்றார். நேர்நின்று குற்றஞ்சாட்டும் வசதி அவருக்கு இல்லை. பெயரைப் பெயரெனச் சுட்டிக்காட்டும் அளவுக்கு இடமிருந்தது. அவ்விடத்தை அவர் விட்டுவிடவில்லை. தம்முள் வலியோர் இருவர் மூவர் தோன்றின் முன்னேறும் உலகத்தோடு அடியொத்து நடக்கும் நாள் வரும் என்னும் நம்பிக்கையையும் அம்முன்னுரையே சொல்கின்றது. இரங்கற்பாவாக மட்டும் அதனைப் படிப்போர் இவ்வரியைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

முன்னுரையைத் தாண்டிப் பாடல்களுக்குள் வந்தால் வேறோர் உலகம். கமுய் யுகார் எனப்படும் இப்பாடல்களின் தலையாய இலக்கணம், பாடுவோர் தெய்வமே என்பதாகும். ஆந்தை, நரி, முயல், தவளை, நீர்நாய், சதுப்புநிலச் சிப்பி ஆகியனவெல்லாம் மானிடர் கண்ணுக்குத் தோன்றும் வடிவங்கள். அவ்வடிவங்களுள் இருப்போர் தெய்வங்கள். ஒவ்வொரு பாடலின் தலைப்பும், இன்ன தெய்வம் தானே பாடிய பாடல் என்றமைகின்றது. ஒவ்வொன்றுக்கும் உரிய பல்லவிச் சொல் மீண்டும் மீண்டும் இடையிட்டு ஒலிக்கும். முடிவில், இவ்வாறு இன்ன தெய்வம் பாடிற்று என்னும் முத்திரை வாய்பாடு வரும். நம் அகப்பாடல்களிற் கூற்றுக்குரியோரை அறியாது பொருள் கொள்ளல் இயலாதவாறு போல, இங்கும் கூற்றுக்குரியோர் யார் என்பதே பாடலின் திறவுகோல். மேலும் ஒன்று: வேட்டையாடப்படுவதே இங்குப் பேசுகின்றது. அம்பு தைத்த பறவை தன் கதையைத் தானே சொல்கின்றது. பேசப்படும் பொருளாக நூல்களிலும் அறிக்கைகளிலும் கிடந்த இனத்தவர் ஒருவர், தன்மையிடத்தில் நின்று பேசும் பாடல்களையே தேர்ந்து பதின்மூன்றாக நிரைப்படுத்தினார் என்பது இந்நூலின் அமைப்பிலேயே காணக்கிடக்கும் விடை.

முதற்பாடல் ஊர்காக்கும் ஆந்தைத் தெய்வத்தினுடையது. ஊரின்மேற் பாடிக்கொண்டு பறந்துவரும் தெய்வம் கீழே நோக்க, முன்பு வறியராயிருந்தோர் இப்போது செல்வராகவும், முன்பு செல்வராயிருந்தோர் இப்போது வறியராகவும் தோன்றுகின்றனர். கடற்கரையில் செல்வர் பிள்ளைகள் பொன்வில்லும் பொன்னம்பும் கொண்டு அதனை எய்ய, ஆந்தை விலகிச் செல்கின்றது. வறிய சிறுவன் ஒருவன் சாதாரண மரவில்லை வளைக்கின்றான், மற்றையோர் நகைக்கின்றனர். தெய்வம் அவன் அம்பைத் தானே கைநீட்டி ஏற்று வீழ்கின்றது. சிறுவன் அடிபட்டும் அதனை விடாது, குடிசையின் தெய்வச் சாளரம் வழியாக உள்ளே தருகின்றான். முதியோர் இருவரும் தம் வறுமைக்கு நாணி வணங்குகின்றனர். இரவில் ஆந்தை அக்குடிசையைச் செல்வத்தால் நிரப்புகின்றது. விடிந்தபின் முதியவர் செய்வது யாது? தம்மை இகழ்ந்தோரை வஞ்சினத்தால் அழைக்காது விருந்துக்கு அழைக்கின்றார், ஊர் ஒன்றாகின்றது.

இப்பாடலின் தொடக்கத்தை ஐனு மக்களும் குடியேறியோரும் என்னும் உருவகமாகக் கொள்வோர் உளர். அது விரைந்த முடிபு. பாடல் மரபாக வந்தது. பொன்வில் ஏந்திய பிள்ளைகளும் ஐனுப் பிள்ளைகளே. ஆனால் தொகுதியின் முதலில் இதனை நிறுத்தியவர் யுகியே. முன்பு, இப்போது என்னும் இரு சொற்களும் முன்னுரையிலும் வருகின்றன. அங்கு அவற்றுக்கிடையே மீளமுடியாத இழப்பு உண்டு. பாடலிலோ முன்பும் இப்போதும் இடம் மாறத்தக்கன, ஓரிரவிலேயே மாறுகின்றன. முன்னுரையைப் படித்த கண்ணோடு அடுத்த ஏட்டைப் புரட்டுபவர் இவ்வேறுபாட்டை உணராதிருத்தல் அரிது. உருவகம் என்று சொல்லி இதனைச் சுருக்குவதினும், ஒன்றையொன்று மறுக்கும் இரு காலக்கணக்குகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன எனல் பொருந்தும்.

தொகுதியிலே ஆழ்ந்த பொருளுடையது எனக் கருதத்தக்கது ஏழாவதாகிய கொங்குவாப் பாடலாகும். மானிடர் ஊரிற் பஞ்சம். முதிய ஆந்தைத் தெய்வம் வானுலகுக்கு முறையீடு அனுப்பத் தூதுவனைத் தேடுகின்றது. சொல்லவேண்டியதை நாட்கணக்காக ஓத, முதலில் வந்த காக்கை இளைஞன் கேட்டிருந்தே உறங்கிவிடுகின்றான். அடுத்து வந்தவனும் அவ்வாறே. மூன்றாவதாக வந்த நீர்க்காக்கைச் சிறுவன் ஆறு பகலும் ஆறு இரவும் விழித்திருந்து கேட்டுச் சென்று மறுமொழி கொணர்கின்றான். பஞ்சத்துக்குக் காரணம் இது: மானைக் கொன்ற மானிடர் அதன் தலையை மதியாது காட்டில் விட்டனர், மீனை உளுத்த கட்டையால் அடித்துக் கொன்றனர், அவை அழுதுகொண்டு தம் தெய்வங்களிடம் மீண்டன, ஆதலின் மானுக்குரிய தெய்வமும் மீனுக்குரிய தெய்வமும் அவற்றை அனுப்பாது விட்டன. ஆந்தைத் தெய்வம் கனவில் மானிடர்க்கு இதனை அறிவிக்க, அவர்கள் மீனை அடிக்கும் கோலை அழகுறச் செய்து, மான் தலைக்கும் அணிசெய்து வழிபடுகின்றனர். மானும் மீனும் திரும்புகின்றன.

இதனைச் சடங்கு விளக்கக் கதையென ஒதுக்கிவிடலாகாது. பஞ்சத்துக்குக் காரணம் உண்டு, காரணத்துக்கு உரியோர் உளர், உரியோரை வினவலாம், முறையீடு செய்யலாம், முறையீட்டுக்கு மறுமொழி வரும் என்பது இப்பாடலின் உலகியல். இங்கு மான் குறைவதில்லை. மான் அனுப்பப்படாது நிறுத்தப்படுகின்றது. மீன் மறைவதில்லை, மீனை மதியாதார் இன்னார் எனக் கண்டறியப்படுகின்றனர். அதாவது பாடல் முழுவதும் பிறவினையில் இயங்குகின்றது. முன்னுரை சொல்லாது விட்ட வினாவை ஆந்தைத் தெய்வம் கேட்கின்றது. மானிறைச்சித் தொழிற்சாலையையும் ஆற்றுத் தடையையும் தம் பெற்றோர் வாயாற் கேட்டறிந்த தலைமுறையில் ஒருவர், மானும் மீனும் ஏன் வரவில்லை எனக் கேட்கும் பாடலைத் தொகுதியின் நட்டநடுவே வைத்திருக்கின்றார். பதினொன்றாம் பாடலிலும் இதே கவலை உண்டு. பேயின் மகன் ஒருவன் ஆற்றின் ஊற்றில் அம்பெய்து நீரைக் கெடுக்க, சல்மன் மீன்கள் அழுதுகொண்டு திரும்பிப் போகின்றன. சிறுவனாகிய ஒக்கிக்கிர்முயி வெள்ளியம்பால் நீரைத் தெளியச் செய்து அவற்றை மீட்கின்றான்.

இத்துணைக் கனத்தோடு எல்லாப் பாடல்களையும் படித்தல் தவறாகும். பலவற்றில் நகைச்சுவை மேலோங்கி நிற்கின்றது. நரி கடற்கரையிலே திமிங்கிலம் ஒதுங்கிக் கிடப்பதாயும் அதனைச் சூழ்ந்து மக்கள் ஆடிப் பகிர்வதாயும் கண்டு ஓடிவர, கிட்டச் சென்றதும் நாய்க்கழிவின் குவியலையும் காகங்களையுமே காண்கின்றது. தோணி எனக் கண்டது நீர்ப்பறவைகளாகின்றது. ஒவ்வொரு முறையும் தன் கண்ணைத் தானே ஏசிக்கொள்கின்றது. முன்பு மானளவு பெரிதாயிருந்த முயல் தன் குறும்பால் இவ்வளவு சிறிதாயிற்றென முயலே சொல்லி, வருங்கால முயல்களுக்குப் புத்தி கூறுகின்றது. இரங்கற்பாவில் இத்தகைய சிரிப்புக்கு இடமேது? துயரத்தை எதிர்பார்த்து வந்த யப்பானிய வாசகர் இப்பாடல்களைப் பிள்ளைக் கதைகளென மதித்து விட்டதும் அதனாலேயே. தம்மைத் தாமே நகையாடிக்கொள்ளும் இவ்வாற்றல் தம் வாழ்வில் உறுதியுள்ள மக்களிடத்தேதான் காணப்படும்.

யுகியேயின் மொழிபெயர்ப்பு ஐனு மூலத்தைச் சொல்லுக்குச் சொல் தொடர்வதன்று. மூலத்தின் வாய்பாட்டடிகளை உணர்ச்சி மிகுந்த யப்பானிய நடையாக அவர் விரித்திருக்கின்றார் எனவும், சிலவிடத்து மூலத்தின் கடுமை மெலிந்துவிட்டது எனவும் கூறுதல் பொருந்தும். வீரர் கதைகளாகிய நெடிய யுகார்கள் இத்தொகுதியில் இல்லை என்பதும் ஒரு குறை. அவற்றில் வரும் போர்களையும் படித்திருந்தால், இயற்கையின் மடியிற் குழந்தைகளாய் வாழ்ந்தோர் என்னும் கருத்து வாசகரிடம் இவ்வளவு வேரூன்றியிராது. 2011 இல் ஸாரா ஸ்ட்ரோங் என்பார் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆய்வும் இப்பாடல்களின் சூழலை விரிவாக விளக்குகின்றன. யப்பானிய மொழி அறியாத மாணவர்க்கு அது பெரிதும் பயன்படும்.

முன்னுரையில் வேண்டப்பட்ட வலியோர் அவருடைய இல்லத்திலேயே தோன்றினர். பெரியதாய் கன்னாரி மட்சு முதுமையில் நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகளில் யுகார்களை எழுதிவைத்தார். தம்பி சிரி மஷிஹோ ஹொக்கைடோப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, ஐனு மொழிக்குப் பொருள்வகை அகராதி தொகுத்ததோடு, தமக்கு முன் எழுதிய பிறவினத்து அறிஞரின் பிழைகளையும் சற்றும் இரக்கமின்றி எடுத்துக்காட்டினார். நிபுதானியைச் சேர்ந்த கயானோ ஷிகேரு 1994 இல் யப்பானியப் பாராளுமன்றத்தின் மேற்சபையில் அமர்ந்த முதல் ஐனு உறுப்பினரானார். அவ்வூரில் அணை கட்டுதற்கு நிலங் கொண்டது சட்டவிரோதம் என 1997 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. அணை கட்டி முடிந்தமையால் அதனை அகற்றவில்லை. 1899 ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. 'முன்னைப் பழங்குடி' என்னும் பெயர் தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் அச்சட்டத்தின் தலைப்பில் இருந்தது. 2008 இல் பாராளுமன்றத் தீர்மானமும் 2019 இல் புதிய சட்டமும் ஐனு மக்களை அந்நிலத்து முதற்குடியினர் என ஏற்றன. நிலத்தையும் ஆற்றையும் பற்றிய உரிமை எதுவும் அவற்றில் வழங்கப்படவில்லை.

உரஹொரோவைச் சேர்ந்த ஐனுக் குழுவினர், தம் முன்னோர் மீன்பிடித்த ஆற்றுவாயிற் சல்மன் பிடிக்கும் உரிமை தமக்கு உண்டு என அறிவிக்குமாறு 2020 ஓகஸ்டில் வழக்குத் தொடுத்தனர். 2024 ஏப்ரல் 18 ஆம் நாள் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. சடங்குக்கெனச் சில மீன்களை ஆற்றிற் பிடிப்பதற்கு ஐனு மக்கள் ஹொக்கைடோ ஆளுநரின் அனுமதியைப் பெறவேண்டும்.